மூட்டைக்காரரின் பூஜ்ஜியம்

டீத் தட்டை மேசையில் வைப்பதற்கு முன் அவர் “ஆறு” என்றார். அதன் பிறகே கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றிருந்த, செயலிகளில் பிழை தேடும் டெஸ்டர் பெண், “அண்ணா, சர்க்கரை கம்மியா ஒண்ணு கிடைக்குமா?” என்று கேட்டாள். “ஒண்ணு” என்று சொல்லிவிட்டுப் போய் அவரே கலந்து கொண்டுவந்தார். மதியக் கூட்டத்தில் அந்த டீக்காரர் தலைமை புரோகிராமர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“எத்தனைன்னு முதல்ல சொல்லிடணும்மா. அப்பதான் எடுக்கிற ஆளுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியும்,” என்று அவர்தான் அவளைத் தேற்றினார்.

அலுவலகத்தில் அவருக்கு மூட்டைக்காரர் என்று பெயர். வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ்களுக்கான செயலி அவர் கைவேலை. செயலிக்குள் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்கு ஒரு நோயாளியை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது. பெயர், வயது, முகவரி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, வரிசையாக அடுக்கி, கட்டி அனுப்ப வேண்டும். அந்தப் பக்கம் அதே வரிசையில் பிரித்து, ஆளைத் திரும்ப எழுப்பி உட்கார வைக்க வேண்டும். பெயரும் வயதும் ஒற்றைச் சாமான்கள், தொந்தரவு இல்லை. பட்டியல்கள்தான் படுத்தும். ஒருவருக்கு மூன்று மாத்திரை, இன்னொருவருக்குப் பதினொன்று. எனவே முதலில் எண்ணிக்கை, பிறகு சாமான். “மூட்டைக்குள்ள குட்டி மூட்டை. குட்டி மூட்டையில எத்தனைன்னு எழுதலைன்னா, மாத்திரை எடுக்கப் போனவன் முகவரியையும் சேர்த்து முழுங்கிடுவான்,” என்பார்.

இரண்டே விரலால் தட்டச்சு செய்வார். பத்து விரல்காரர்கள் பின்னால் வர வேண்டும். மற்றவர் எழுதிய நிரலை எழுந்து நின்றுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் தூக்கம் வந்துவிடுமாம். வீட்டிலும் இதே கதைதான் என்று அவர் மனைவி ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தபோது போட்டு உடைத்தார்: “பொண்ண ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறப்பகூட வாசல்ல நின்னு ‘ஒண்ணு’ன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புறாரு. இருக்கிறதே ஒண்ணுதாங்க!”

அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. “ஆறு வருஷமாச்சு. நம்ம ஆப் ஒரு தடவை பாதியில நின்னு விழுந்திருக்கா?” என்று கேட்பார். பதிலை எதிர்பார்க்க மாட்டார். விழுந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டெஸ்டர் பெண் தன் கைபேசியை அவர் மேசையில் வைத்தாள்.

“வாங்க டெஸ்டரம்மா. இன்னைக்கு எதை உடைச்சீங்க?”

“உடையலை அண்ணா. அதுதான் பிரச்சினை.” சோதனைக்காகச் செயலியில் ஒரு பொய் நோயாளியை உருவாக்கியிருந்தாள். “இவருக்கு ஒவ்வாமைப் பக்கத்தை நான் திறக்கவே இல்ல. எந்த மருந்து ஒத்துக்காதுன்னு யாரும் கேக்கவே இல்ல. ஆனா உங்க ஆப் ‘ஒவ்வாமை எதுவும் இல்லை’ன்னு அடிச்சுச் சொல்லுது.”

“பட்டியலே வரலைன்னா காலிப் பட்டியல்னு வெச்சு, பூஜ்ஜியம்னு எழுதிடுவேன். இல்லாட்டி ஆப் விழுந்துடுமே.”

“விழட்டுமே அண்ணா! விழுந்தா நர்ஸ் போன் போட்டு நம்மளத் திட்டுவாங்க. ‘இல்லை’ன்னு சொன்னா நம்பி ஊசியப் போட்டுடுவாங்க.”

அவர் எழுந்து நின்றார். தான் எழுதிய நிரலை அவர் நின்று படித்து அவள் பார்த்தது அன்றுதான்.

சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பட்டியல் காலி என்றால் பூஜ்ஜியம். பட்டியலே இல்லை என்றால் மைனஸ் ஒன்று, அதாவது ‘இன்னும் கேட்கவில்லை’. இனிக் கட்டும் மூட்டைகளுக்குப் பிழை இல்லை. ஆனால் ஏற்கெனவே கட்டிச் சேமித்தவற்றில் முந்நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு ஒவ்வாமையில் பூஜ்ஜியம் இருந்தது. அதில் எது கேட்டுத் தெரிந்துகொண்ட பூஜ்ஜியம், எது கேட்காமல் விட்ட பூஜ்ஜியம் என்று இப்போது எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது.

விஷயத்தைக் கேட்டதும் மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. புது வெர்ஷனச் சத்தமில்லாம விட்டுடலாம்.”

“ஒண்ணும் ஆகலைன்னு கேட்டுட்டுச் சொல்றீங்களா சார், கேக்காமச் சொல்றீங்களா?” என்றார் மூட்டைக்காரர்.

மேனேஜர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். இவர் அங்கேயே நின்று, நர்ஸ்களுக்குத் தலைவியான பெரிய சிஸ்டரை அழைத்தார். “சிஸ்டர், தப்பு நான்தான் பண்ணேன்,” என்று தொடங்கி, முழுதும் சொன்னார்.

சிஸ்டரின் பதில் ஸ்பீக்கர் போடாமலே அறை முழுக்கக் கேட்டது: “உங்க ஆப் சொன்னா சரியா இருக்கும்னு புதுசா வர்ற பொண்ணுங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தேனே தம்பி! இன்னைக்கு மதியம் மட்டும் நாப்பது ஊசி இருக்கு. நிறுத்தி வெக்கிறேன். நீங்க அங்க நின்னு மன்னிப்புக் கேக்காதீங்க. இங்க வந்து போனைப் பிடிங்க.”

போனார். டெஸ்டர் பெண்ணும் கூடப் போனாள். ஆளுக்குப் பாதிப் பெயர்கள்; ஒவ்வொரு நோயாளிக்கும் போன் போட்டு ஒவ்வாமையைக் கேட்க வேண்டும். அவருடைய பதினேழாவது அழைப்பில் ஓர் அம்மாள், “பென்சிலின் போட்டா எனக்கு மூச்சே அடைச்சுடுமே, யாரும் எழுதி வெக்கலையா?” என்றார். அந்த அம்மாளுக்கு மறுநாள் காலை அதே ஊசி குறித்திருந்தது. மூட்டைக்காரர் அதை எழுதிக்கொண்டார், பெரிய சிஸ்டரிடம் காட்டினார், வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பதினெட்டாவது எண்ணை அழுத்தினார். அவள் பார்க்காததுபோல் தன் தாளைப் புரட்டினாள்.

இது மூன்றாவது வாரம். நர்ஸ்கள் உடைமாற்றும் அறைக்கு வெளியே, கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே, ஆடுகிற கால் கொண்ட ஒரு மேசையில் அவர் இருக்கிறார். அவளும் எதிரே இருக்கிறாள். இன்னும் நாற்பத்தொரு பேர் பாக்கி.

“எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா,” என்கிறார் போனில் ஒரு பெரியவர்.

“சந்தோஷம் ஐயா. மருந்து சாப்பிட்டு எப்பவாவது தடிப்பு, அரிப்பு, முகம் வீங்கறது...?”

“ஞாபகம் இல்லையே. வீட்டுக்காரி துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கா. வந்ததும் கேட்டுச் சொல்லட்டுமா?”

“வரட்டும் ஐயா. நான் லைன்லயே இருக்கேன்.”

போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, பேனாவைப் பெரியவர் பெயருக்கு நேரே இருக்கும் காலிக் கட்டத்தின் மேல், தாளில் படாமல் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.