முள் சொல்லாத சத்தம்

அவரை எல்லோரும் காதுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்து, எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடுவார். நாலு தெரு மெக்கானிக்குகளைத் தாண்டிக்கொண்டு வண்டிகள் அவரிடம் வந்தன.

ஐம்பத்தாறு வயதில் காது கைவிட ஆரம்பித்தது. தடித்த சத்தங்கள் தங்கின. மெல்லிய கீச்சுச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. முதலில் குக்கர் விசில், பிறகு பேத்தியின் பேச்சு. மனைவிக்கு மட்டும் தெரியும்.

"ஒரு மிஷின் வாங்கி மாட்டிக்கங்களேன்."

"காதுக்காரன் காதுல மிஷினா? கடையைப் பூட்டிட்டுப் போகலாம்."

"உங்க வீம்பைக் கழட்ட இன்னும் ஸ்பானர் வரல" என்றாள். அதுவும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

மிஷினுக்குப் பதில் பழைய சாமான் கடையில் ஒரு வேக்குவம் கேஜ் வாங்கினார். உள்ளங்கை அகலக் கடிகாரம் போல இருக்கும். அதன் ரப்பர் குழாயை இன்ஜின் காற்றிழுக்கும் இடத்தில் செருகினால் உறிஞ்சும் விசையை முள் காட்டும். முள் அசையாமல் பதினெட்டு, இருபதில் நின்றால் வண்டி நலம். தாளம் தப்பாமல் வெட்டி வெட்டி இழுத்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ஆள் பார்க்க ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொள்வார். கண் முள்ளின்மேல் இருக்கும். மூன்று வருடமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு நாள் காலையில் லாரிக்காரம்மா வந்தாள். அப்பா விட்டுப்போன, பெட்ரோலில் ஓடும் லாரியைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவள். லாரிக்கு அவளைவிட வயது அதிகம். எப்போதும் உரக்கப் பேசுவாள். அதனாலேயே அவருக்கு அவளைப் பிடிக்கும். சிமென்ட் மூட்டைகளோடு நேராக ஷெட்டுக்குள் விட்டாள்.

"அண்ணே, மேட்டுல மூச்சு வாங்குது. நான் எறங்கித் தள்ளணும் போல."

கேஜை மாட்டினார். முள் பதினான்கில் அசையாமல் நின்றது. தீப்பொறி பிந்தி விழுகிறது. பொறி விழும் நேரத்தை மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி இம்மி இம்மியாகத் திருப்பினார். பதினாறு, பதினெட்டு, இருபது. வழக்கமாக உச்சத்திலிருந்து குத்துமதிப்பாகக் கொஞ்சம் குறைத்து வைப்பார். இன்று முள் இருபத்தொன்றில் நின்ற அழகில் சொக்கிப்போய் அங்கேயே இறுக்கிவிட்டார்.

பக்கத்து மேட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். லாரி துள்ளிக்கொண்டு ஏறியது.

"இழுவை பிரமாதம்ணே. ஆனா அது என்ன, தகர டப்பாவுல கூழாங்கல்லைக் குலுக்கற மாதிரி?"

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கூழாங்கல் என்றதுமே என்னவென்று புரிந்துவிட்டது. பொறி முந்தி விழுந்தால் வரும் சத்தம் அது. பாரத்தோடு ஏறும்போது ஒவ்வொரு வெடிப்பும் சுத்தியலாகப் பிஸ்டனை அடிக்கும்.

"லோடு ஆடுது" என்றார்.

"சிமென்ட் மூட்டை எங்கண்ணே குலுங்கும்?"

"பழைய வண்டிம்மா. ஏதாவது முனகத்தான் செய்யும்."

"நீங்க சொன்னா சரி. உங்க காதுக்கு மேலயா என் காது?"

அவரை ஷெட்டில் இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுத்தாள். மலைப்பாதையில் இருபது கிலோமீட்டர் ஏற வேண்டியவள். ஒரு போல்ட்டை இறுக்கணும் என்று பொய் சொல்லி டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் பின்னால் திருப்பிவிடலாம். எவ்வளவு? முள் அதைச் சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும்.

ஓடிப்போய் பானெட்டில் தட்டினார். "நிறுத்து! எனக்கு அந்தச் சத்தம் கேக்கலம்மா."

"சரி விடுங்கண்ணே, எனக்கும் கேக்கலன்னு வச்சுக்கறேன்."

"அது இல்ல. நிஜமாவே கேக்கல. காது போயி மூணு வருஷமாச்சு."

அவள் இன்ஜினை அணைத்தாள். "அப்ப போன வருஷம் இதே வண்டிக்குக் காதை வச்சு வால்வுன்னு சொன்னீங்களே?"

"முள்ளு சொல்லுச்சு. காதைச் சும்மா வச்சிருந்தேன்."

கீழே இறங்கி அவரை முறைத்தாள். "எனக்குப் பொழப்பு இது ஒண்ணுதான். தெரியுமில்ல?"

"தெரியும். அதான் நிறுத்தினேன்."

திரும்பி லாரியில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு, "ஏறுங்க" என்றாள்.

மறுபடி அதே மேடு. சத்தம் கேட்டால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கச் சொல்லியிருந்தார். பாதி ஏற்றத்தில் விரல் எழுந்தது. நிறுத்தச் சொல்லி, ஒரு மயிரிழை பின்னால் திருப்பினார். கீழே போய் மறுபடி ஏறினார்கள். விரல் எழுந்தது, இந்த முறை உச்சிக்குப் பக்கத்தில். நான்காவது தடவை அவர் சாலையைப் பார்க்கவே இல்லை. உச்சி வரைக்கும் பத்து விரலும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

கேஜை மாட்டிப் பார்த்தார். பத்தொன்பது.

"யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேண்ணே" என்றாள்.

"சொல்லும்மா" என்றார், குழாயைச் சுருட்டிக்கொண்டே. "சொல்லலேன்னா மத்த வண்டிக்கெல்லாம் எவன் வந்து விரலைத் தூக்குவான்?"