ஐயாவின் பெயரை அழைத்தபோது எழுந்து நின்றவர்

அண்ணரின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு இந்தக் குளிரையும் பாராது வந்திருக்கும் உறவுகளையும் நண்பர்களையும் வணங்கி இதனை எழுதுகிறேன். நான் அவருடைய ஒரே தம்பி. என் எழுத்தில் பிழை இருப்பின் பொறுத்தருளுங்கள். செய்தியில் பிழை இராது.

அண்ணருடைய இடது கால் ஏன் ஊனமுற்றது என்று உங்களில் பலரும் அறிவீர்கள், அல்லது அறிந்ததாக எண்ணியிருக்கிறீர்கள். வளைகுடாவில் வேலை செய்த நாளில் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்பதே எமது குடும்பத்தில் வழங்கும் கதை. அக்கதை பொய். அதை முதன்முதலாக எழுதிய கை இது. ஆகையால் திருத்த வேண்டியதும் இந்தக் கையே.

அண்ணர் மன்னார்க் கரையில் மூத்த மகனாகப் பிறந்தார். எனக்கு நான்கு வயது மூத்தவர். ஐயா காலமானபின் அம்மாவையும் என்னையும் தாங்கும் பொறுப்பு இருபது வயது நிரம்பாத அவர்மேல் விழுந்தது. எண்பதுகளில் நாட்டு நிலைமை மோசமடையவே, ஒரு முகவரின் மூலம் நாம் இருவரும் வளைகுடாவின் ஓர் எண்ணெய்த் துறைமுகத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றோம். எமது நாட்டுக் கலவரத்துக்கு அஞ்சி ஓடியவர்கள், ஈரானுக்கும் ஈராக்குக்கும் நடந்த போரின் வாசலில் போய் இறங்கினோம்.

போர் வந்தால் எண்ணெய்க்கு விலை ஏறும், எண்ணெய் ஏற்றுபவனுக்குக் கூலி ஏறும் என்றே முகவர் சொல்லியிருந்தார். நடந்தது வேறு. கப்பல்களின் காப்புறுதிச் செலவு ஏற ஏறக் கப்பல்கள் குறைந்தன. சில நாட்கள் ஒரு கப்பலும் வராது. அந்நாட்களுக்கு எமக்குக் கூலியில்லை. பின்னர் மூன்று கப்பல்கள் ஒன்றாக வந்து நிற்கும். அப்போது படுக்கையைக் காண முடியாது. புதிய ஆட்களை வரவழைக்கவும் இயலவில்லை, இருந்தவர்களை விடுவிக்கவும் கொம்பனிக்கு மனமில்லை. கடவுச்சீட்டுகள் அவர்களின் இரும்புப் பெட்டியில் இருந்தன. விடுமுறைகள் இரத்தாயின. மேல்நாட்டுப் பொறியியலாளர் தமது மனைவி மக்களை விமானமேற்றி அனுப்பியபோது, எமக்கு, குண்டு விழுந்தால் சிதறாதிருக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவதற்குக் கடதாசிச் சுருளொன்று தரப்பட்டது. தக்காளியும் வெங்காயமும் எட்டாத விலைக்குப் போயின. முகாமில் எந்நாளும் பருப்பே.

"இண்டைக்கு என்ன கறி?" என்று யாராவது கேட்டால், "நேற்றையான்" என்பார் அண்ணர்.

எமக்கு இடப்பட்ட வேலை, எண்ணெய்க் கப்பல்களைக் கட்டும் வடங்களை இறங்குதுறையின் கொக்கிகளில் மாட்டுவதும் கழற்றுவதும் ஆகும். தாக்குதல் வருகிறதென்று அபாயச் சங்கு ஊதினால் கப்பல் உடனே துறையை விட்டு நீங்க வேண்டும். துறையில் நிற்பவர்களை ஒரு பேருந்து கரைக்கு ஏற்றிச் செல்லும். ஆனால் வடத்தைக் கழற்ற இருவர் பின்தங்கித்தான் ஆகவேண்டும். அவர்களுக்காகப் பேருந்து காத்திராது. கப்பல் போனபின் கடலின் மேலுள்ள நீண்ட பாலத்தில் அவர்கள் ஓடியே கரை சேரவேண்டும். அந்த இருவர் யார் என்பதை மேற்பார்வையாளர் முறைப்பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு காலையும் அழைப்பார்.

இவ்விடத்தில் எமது பெயர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எம்மவர் தந்தையின் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதுவர். கொம்பனியின் எழுதுவினைஞர் முன்னால் இருந்ததை மட்டும் அடையாள அட்டையில் பதிந்துவிட்டார். ஆகவே அண்ணரின் அட்டையிலும் ஐயாவின் பெயர், என் அட்டையிலும் ஐயாவின் பெயர். பட்டியலிலும் ஒரே பெயர் இரு தரம் இருந்தது.

மேற்பார்வையாளர் தூத்துக்குடிக்காரர். முதல் நாளே சிரித்துவிட்டார். "என்னப்பா இது, உங்க வீட்டுல பேருக்குமா பஞ்சம்? இப்ப நான் யாரைக் கூப்பிடுறேன்?"

"என்னைத்தான் அண்ணாச்சி," என்று அண்ணர் எழுந்தார்.

இரண்டு நாள் கழித்து அதே பெயர் மீண்டும் வந்தது. அது என் முறை. நான் கையை உயர்த்துமுன் அண்ணர் தமது சப்பாத்துக் காலால் என் பாதத்தை மிதித்து அழுத்தியபடியே எழுந்தார். பின்னர் நான் சினந்து கேட்டேன்.

"ஐயாவைக் கூப்பிட்டா மூத்தவன்தானே போறது," என்றார். "நீ பேசாமல் இரு."

அன்று முதல் அப்பெயர் எத்தனை தரம் வந்தாலும் அவரே எழுந்தார். நான் அடுத்தடுத்த தடவைகளில் கையை உயர்த்தினேனா என்று கேட்பீர்கள். உயர்த்தவில்லை. அவர் மிதித்தது ஒரு தரம் மட்டுமே. மற்றத் தடவைகளில் என்னை இருத்தியது என் பயம்.

ஒரு நாள் பிற்பகல் சங்கு ஊதியது. அன்றைய முறை என்னுடையது. அண்ணர் துறையில் நிற்க, மற்ற நாங்கள் பேருந்தில் கரைக்கு வந்து மணல்மூட்டைகளின் பின்னால் குந்தியிருந்தோம். கப்பல் பதற்றத்தில், கடைசி வடம் கழலுமுன்னரே நகரத் தொடங்கிவிட்டது. இழுவை தாங்காது வடம் அறுந்து திரும்பி அண்ணரின் இடது காலில் அடித்தது. அவரோடு நின்றவர் ஒரு பாகிஸ்தானியர். அவரே அண்ணரை முதுகில் சுமந்து அந்த நீண்ட பாலம் முழுவதையும் நடந்து கடந்தார். நான் பாலத்தின் முகப்புக்கு ஓடினேன். அண்ணர் என்னைக் கண்டதும் சொன்னது இதுதான்:

"கப்பலுக்கு என்னை விட்டிட்டுப் போக மனமில்லையடா."

முகாம் மருத்துவர் காலைக் கட்டினார். வேலை செய்ய முடியாதவனை மறு விமானத்தில் அனுப்புவது அக்காலத்து வழக்கம். அவ்வாறு நேரவில்லை. மேற்பார்வையாளர் ஐயாவின் பெயரை அழைக்கும்போதெல்லாம் நான் எழுந்தேன், இரண்டு முறைக்கும். "பேரைக் கூப்பிட்டேன், ஆள் வந்துட்டான். எனக்கு அது போதும்," என்று அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். இதைப் பெருமையாக எழுதவில்லை. அந்த வெறும் துறையில், எல்லோரும் போனபின், வடத்தின் அருகே நின்றபோதுதான் அண்ணர் எனக்காக எத்தனை தரம் அங்கே நின்றார் என்பது எனக்கு விளங்கிற்று.

அம்மாவுக்குக் கடிதம் எழுதவேண்டியிருந்தது. அண்ணர் படுத்தபடியே சொல்ல, நான் எழுதினேன்.

"குளிக்கேக்க வழுக்கி விழுந்தன் எண்டு போடு."

"ஏன் அண்ணை பொய்?"

"'தம்பி அப்ப எங்க நிண்டவன்?' எண்டு அம்மா கேட்டா என்ன சொல்லுவாய்? எழுதடா."

எழுதினேன்.

அவர் ஊன்றுகோலுடன் எழுந்ததும் செய்த முதற்காரியம், மேற்பார்வையாளரிடம் போய், ஒவ்வொருவரின் முழுப்பெயரையும் எழுதிப் பட்டியலைச் சுவரில் ஒட்டச் செய்தது. அதன்பின் எவரும் இன்னொருவரின் முறையில் போகவில்லை. அவராலும் போக முடியவில்லை.

கனடாவின் மொன்றியலுக்கு வந்தபின் அண்ணர் செயின்ட்-மிஷேல் வட்டாரத்தில் குடியமர்ந்து, மருத்துவமனையொன்றின் சலவைப் பகுதியில் ஓய்வு பெறும்வரை உழைத்தார். நின்றுகொண்டே செய்யும் வேலை. கால் வலியைப் பற்றி அவர் சொல்லி நாம் கேட்டதில்லை. மேலதிக வேலைக்கு எப்போதும் புதிதாய் வந்த அகதிகளையே அனுப்புகிறார்கள் என்று கண்டு, அங்கும் பட்டியலைச் சுவரில் ஒட்டுவித்தார். பிரெஞ்சில் அவருக்கு bonjour (வணக்கம்), merci (நன்றி) என்ற இரண்டு சொற்களே நன்கு வரும். அவற்றை வைத்துக்கொண்டே அதைச் சாதித்தார்.

அண்ணி அவரை இங்கேதான் மணந்தார். பனியில் நடக்கும்போதெல்லாம், "கவனம், குளியலறையிலயே விழுந்த மனுசன்," என்று பகிடி பண்ணுவார். அண்ணர் எல்லோரையும் விடப் பலமாகச் சிரிப்பார். நான் மட்டும் சிரிக்க முடியாமல் காலணியைக் குனிந்து கட்டுவேன்.

நோய் கண்ட நாட்களில் கோட்-டெ-நெய்ஜ் மருத்துவமனைக்கு அவரை நானே அழைத்துச் சென்றேன். பரிசோதனை முடிவைச் சொல்லும் நாள். காத்திருந்த மண்டபத்தில் தாதி கோப்பைப் பார்த்து ஐயாவின் பெயரை அழைத்தார். இந்நாட்டில் அதுவே எம் இருவருக்கும் குடும்பப் பெயர். எதையும் யோசியாமல் நான் எழுந்துவிட்டேன். அண்ணர் தமது கைத்தடியின் நுனியை என் பாதத்தின்மேல் மெதுவாக ஊன்றினார்.

"இரடா," என்றார். "இது உண்மையா என்ர முறை."

நொண்டி நொண்டி உள்ளே போனார். கதவு வரையில் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அண்ணி கேட்டபோது முதலில் அவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணரின் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்பு, "இவ்வளவு வருசம் பகிடி பண்ணினனே, தம்பி. ஒருக்காலும் அவர் வாய் திறக்கேல்லையே," என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்டும் விடாமல் எழுதுங்கோ. நீங்க எழும்பாமல் இருந்ததையும் எழுதுங்கோ," என்றார். எழுதிவிட்டேன், அண்ணி.

அண்ணரின் இறுதி நாட்களில் அவரைத் தூக்கி இருத்திய தாதியருக்கும் பணியாளருக்கும், வீட்டில் செபமாலை சொன்ன பங்கு மக்களுக்கும், எமது வாசற்படியின் பனியை நாம் விழிக்குமுன் அள்ளி வைத்த கீழ்வீட்டு ஹெயிட்டி அம்மையாருக்கும், சலவைப் பகுதித் தோழருக்கும் எம் குடும்பத்தின் நன்றி. கண்டும் காணாதவராய் இருந்த தூத்துக்குடி அண்ணாச்சிக்கும், முதுகு தந்த அந்தப் பாகிஸ்தானியருக்கும், அவர்கள் எங்கிருப்பினும், நாற்பது ஆண்டு தாமதித்த நன்றி.

திருப்பலியில் அண்ணரின் முழுப்பெயரையும் வாசிக்க இசைந்த எம் பங்குச் சுவாமியாருக்கும் நன்றி. அவர் வாசிக்கையில் ஐயாவின் பெயரே முதலில் வரும். நான் எழுந்து நிற்பேன். என் காலை மிதிக்க இனி ஒருவரும் இல்லை.