கமலாசனி பழக்கிய குதிரை

எங்கள் உருத்திரபுரத்தில் கமலாசனி என்று கேட்டால் அரைவாசிப் பேருக்குத் தெரியாது. குதிரைக் கமலா என்று கேட்க வேண்டும். என்னோடு படித்தவள், பக்கத்து வளவுக்காரி. அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். வன்னியில் குதிரை ஏது? இருந்தும் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பைத்தியம். இடம்பெயர்ந்து ஓடியபோது ஊரே பாயும் சட்டியும் காவியது. இவள் குதிரைப் படம் போட்ட கலண்டரைக் காவினாள். குதிரை கிடைக்காத குறைக்கு, கிளிநொச்சியில் சில பிள்ளைகள் நடத்தும் விலங்குக் காப்பகத்தில் சேர்ந்து, அடிபட்ட நாய்களுக்கும் முள்ளுக்கம்பி கிழித்த மாடுகளுக்கும் சம்பளமில்லாமல் மருந்து கட்டினாள்.

போன வருடம் அந்தப் பிள்ளைகள் பரந்தன் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் குதிரையை ஏற்றி வந்தார்கள். கலியாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போன குதிரை. சீனவெடிக்கு மிரண்டு விழுந்து கால் பழுதானதும், சொந்தக்காரன் வயல்வெளியில் அவிழ்த்து விட்டுப் போய்விட்டான், நாசமாய்ப் போவான். காப்பகத்தில் இடமில்லை என்று கமலாசனி தன் வளவில் கட்டினாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குதிரையைத் தொட்டாள். தொட்டுவிட்டு அழுதாள்.

அதுவோ புல்லும் தின்னவில்லை, தவிடும் தின்னவில்லை. இப்படியே கிடந்தால் செத்துப்போகும் என்றார் மிருக வைத்தியர். கமலாசனி வெள்ளரிப்பழத்தைப் பிளந்து, சீனி தூவி, உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டே நின்றாள். கை மரத்துப்போகும், மாற்றிக்கொள்வாள். கடைசியில் நக்கியது. பிறகு தின்றது. புல்லும் தின்னத் தொடங்கியது, காலும் தேறியது. வெள்ளரிப்பழ மணம் வந்தால் மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு போகும். வேலிக்கு மேலால் தலையை நீட்டி என் பழங்களையும் தின்றது, கள்ளக் குதிரை.

பின்வேலிக்கு அப்பால் சிற்றம்பலத்தாரின் கச்சான்கடலைத் தோட்டம். காட்டுப்பன்றிக்கு இங்கே சிலர் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. பழத்துக்குள் வெடிமருந்து வைத்து எல்லையில் போட்டுவிடுவார்கள். கடித்தால் வெடிக்கும். ஒருநாள் காலை அந்தச் சத்தம் கேட்டு ஓடினோம்.

குதிரைக்குக் கீழ்த்தாடை இல்லை. சாகவுமில்லை. கச்சானை மிதித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது.

சிற்றம்பலத்தாரும் வந்தார். முதலில் மிதிபட்ட கச்சானைத்தான் பார்த்தார்.

"பன்றிக்கு வைச்சது பிள்ளை. குதிரை வெள்ளரிப்பழம் தின்னுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். குதிரை பாவம், அதைச் செய்வது மனிசன்தான். என் வாயில் வந்ததெல்லாம் அவருக்கு விழுந்தது. கமலாசனி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரை விடு. நான்தான் பழக்கினனான்."

வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் புண்ணியம் என்றார். ஆனால் அது ஒருவரையும் கிட்ட விடவில்லை. ஆட்கள் நெருங்க நெருங்க மிரண்டு விலகியது. கமலாசனி குசினிக்குள் போனாள். ஒரு வெள்ளரிப்பழத்தைப் பிளந்து, சீனி தூவி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

மணத்துக்கு அது நடந்து வந்தது. வைத்தியர் ஊசியைப் போட்டார்.