சுக்குக் கிடங்கின் மேற்குச் சுவர்

ரம்லத்துக்குப் பிறந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம். கல்யாணமாகிக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த எட்டாவது வருடம், சுமை தூக்கும் வேலையிலிருந்த கணவர் மூட்டை சரிந்து இறந்துபோனார். மகள் அன்ஸியாவுக்கு அப்போது இரண்டு வயது. துக்க நாட்கள் முடிந்ததும் ரம்லத், சுக்கு வியாபாரி ராமபத்ரனின் கிடங்கில் சுக்கு புடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் கிடங்கு ஒரு காலத்தில் யூதர்களின் ஜெபக்கூடம். அவர்கள் இஸ்ரேலுக்குக் கப்பலேறிய பிறகு கைமாறிக் கைமாறி ராமபத்ரனின் அப்பாவிடம் வந்தது. மேற்குச் சுவரில் ஒரு கல் பதிக்கப்பட்டிருந்தது. அதில் எபிரேய எழுத்தில் ஒரே ஒரு வரி. அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ரம்லத் மதியத் தொழுகைக்குப் பாய் விரிப்பது அந்தச் சுவரின் முன்னால்தான். தொழுகை முடிந்ததும் கல்லில் படிந்த சுண்ணாம்புத் தூசியைத் துடைத்துவிடுவார். முதல் வருடங்களில் தொழுகையைவிட அழுகைதான் அதிகம். தன் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்றே நினைத்திருந்தார்.

மூன்று வருடங்களுக்கு முன் சுவரில் ஈரம் ஏறிக் காரை உதிர்ந்தது. முழுச் சுவருக்கும் சிமெண்டு பூசச் சொன்னார் ராமபத்ரன். அதுவரை முதலாளியிடம் எதுவும் கேட்டிராத ரம்லத் அன்று அவர் முன்னால் போய் நின்றார்.

"அந்தக் கல்ல மட்டும் மூட வேண்டாம் முதலாளி."

"அதில என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. படச்சவன் பேராத்தான் இருக்கும்."

ராமபத்ரன் எழுந்து போய்க் கல்லைப் பார்த்தார். பிறகு, கல்லைச் சுற்றிப் பூசும்படி கொத்தனாரிடம் சொன்னார்.

போன ஜனவரியில் ஒரு முற்பகல், ஐந்தாறு உறவினர்களோடு ஒரு மூதாட்டி கிடங்கு வாசலுக்கு வந்தார். பெயர் சிம்ஹா. அந்தத் தெருவில் பிறந்து, ஏழு வயதில் இஸ்ரேலுக்குப் போனவர். மலையாளம் இன்னும் மறக்கவில்லை. ரம்லத் அவரை உள்ளே கூட்டிப்போய்க் கல்லைக் காட்டினார்.

சிம்ஹா எழுத்துகளை விரலால் தடவி மெல்ல வாசித்தார். பிறகு பொருள் சொன்னார். "ஆண்டவனே அரசன். தன் ஜனங்கள் பாடுற பாட்டுக்கு நடுவில அவன் இருக்கான்."

இங்கே வாழ்ந்த தங்கள் ஆட்களுக்குச் சொந்தமாக ராஜாவும் இல்லை, ராஜ்யமும் இல்லை. அதனால்தான் இதை ஓயாமல் பாடினார்கள் என்றார். முறைப்படி கூடி ஜெபிக்கப் பத்து ஆண்கள் வேண்டும், எங்களில் ஆண்கள் இரண்டு பேர்தானே என்று வருத்தப்பட்டார்.

"பாடுறதுக்கும் பத்துப் பேர் வேணுமா சேச்சி?" என்று கேட்டார் ரம்லத்.

சிம்ஹா சிரித்துவிட்டார். "வேண்டாம் மோளே. பாட்டுக்கு அந்தக் கணக்கில்ல."

சுக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்று அவர்கள் அந்த வரியை எபிரேயத்தில் பாடினார்கள். முதலில் சிம்ஹாவின் நடுங்கும் குரல் மட்டும், பிறகு உறவினர்கள் எல்லாருமாக. புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைக் கீழே வைத்தார்கள். ராமபத்ரனும் அறையிலிருந்து வந்து தூண் ஓரம் நின்றார். ரம்லத்துக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் இத்தனை வருடமும் தான் தனியாக அழவில்லை, கேட்கிறவன் இங்கேயேதான் இருந்திருக்கிறான் என்று பட்டது. மனசு இலேசானது.

கிளம்பும்போது சிம்ஹா ரம்லத்தின் போன் நம்பர் வாங்கிக்கொண்டார். இப்போது வெள்ளிக்கிழமை தோறும், சாயா குடிக்கும் நேரத்தில் இஸ்ரேலிலிருந்து அழைப்பு வருகிறது. முட்டிவலி, பேரப்பிள்ளைகள், மீன் விலை என்று இருவரும் நெடுநேரம் பேசுகிறார்கள்.