சிவப்புக் கோடு விழாத மரண அறிவித்தல்

"மழை. மேல்பிரிவு மயானப் பாதை சரிந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நல்லடக்கம் நாளை மூன்று மணிக்கு, கீழ்ப்பிரிவில்." சென்ற நவம்பரில் ஒரு வியாழக்கிழமை என் நாட்குறிப்பில் எழுதியது இது. லுணுகலைக்கு அருகே மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு என இரண்டாக உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைப்பது என் வழக்கம்.

இறந்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய மகன் சவப்பெட்டிக்கு அலைந்துகொண்டிருந்ததால், மரண அறிவித்தலை நான் கையால் எழுதிப் பதுளையில் ஓர் அச்சுக்கடையில் கொடுத்தேன். முந்திய ஆண்டு அவர் மனைவி இறந்தபோதும் அங்கேதான் அடித்தோம்.

மாலையில் அறிவித்தல் மகனின் போனுக்கு வந்தது. அழுத கண்ணோடு அவர் அதை வாசிக்காமலே கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கைக்கு அனுப்பிவிட்டார். தோட்டத்திலும் யாரும் வாசிக்கவில்லை. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது சொன்னாலே எல்லா லயத்து வீடுகளுக்கும் சேதி போய்விடும். அறிவித்தல் வெளியூரில் இருப்பவர்களுக்குத்தான்.

மறுநாள் மழையில் பஸ் தாமதமாகியது. பசறை தாண்டினால் சிக்னலும் இல்லை. வீட்டுக்குப் போனால் நேரம் தப்பிவிடும் என்று அந்தப் பெண் மேல்பிரிவில் இறங்கி, தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏறி, நேரே மயானத்துக்குப் போயிருக்கிறாள். அறிவித்தலில் அந்த இடம்தான் இருந்தது. அவளுடைய அம்மாவைப் புதைத்ததும் அங்கேதான். சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அங்கே ஓர் ஆளும் இல்லை. கீழ்ப்பிரிவுக்கு ஓடி வந்தபோது குழியை மூடிவிட்டிருந்தோம். பெட்டியைச் சாத்துமுன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவும், ஒரு பிடி மண் போடவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. "எனக்காகக் கொஞ்சம் நிக்கக்கூடாதா அண்ணே?" என்று மட்டும் தன் அண்ணனிடம் கேட்டாள்.

திங்கட்கிழமை அச்சுக்கடைக்குப் போனேன். அவள் தாயின் பழைய அறிவித்தலைக் கம்ப்யூட்டரில் திறந்து படம், பெயர், தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மயானத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். நான் எழுதிய தாள் மேசையிலேயே கிடந்தது. கடைக்காரர் பதறவே இல்லை.

"எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லையே சேர். பிழைன்னா செவப்புக் கோடு விழும். கம்ப்யூட்டரே சரின்னு விட்டுருச்சு."

"அந்தக் கம்ப்யூட்டர் எங்க மலையில ஏறினது இல்லையே. ஏறி எறங்கினது அந்தப் புள்ளதான்."

"சரி சேர், கோவப்படாதீங்க. திருத்தி இன்னொண்ணு சும்மாவே அடிச்சுத் தாறேன்."

"யாரு பாக்க?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் கை நீட்டியிருப்பேன்.

அந்த அறிவித்தலில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுத்தைப் பார்க்க இயந்திரம் இருக்கிறது; அந்தச் செய்தியை நம்பி ஒருத்தி பஸ் ஏறுவாள் என்று நினைத்துப் பார்க்க ஒரு மனிதன் வேண்டும். அந்தக் கடையில் அன்று அப்படி யாரும் இருக்கவில்லை.

குழிக்குள் பெட்டியை இறக்கும்போது, மேல்மலைப் பக்கமிருந்து ஒரு பெண் கூப்பிடும் சத்தம் கேட்டதாகக் குழி வெட்டிய இருவர் பிறகு சொன்னார்கள். மழையில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கூப்பிட்டது அவள்தானா என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.