எடையே இல்லாத பெட்டி

எங்கள் சின்ன அனிமேஷன் ஸ்டுடியோவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றுக்கான பாதுகாப்புப் படம். தொழிலாளர்களுக்குப் போட்டுக் காட்டினேன். பாரம் தூக்கும் காட்சியில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ‘இவர்களுக்கு அனிமேஷன் பற்றி என்ன தெரியும்?’ என்று எனக்குள் எரிச்சல்.

லோடிங் பிரிவில் வேலை செய்யும் மேரி எழுந்தார். “இன்னா சார், உங்க ஆளு இரும்புப் பெட்டிய தூக்குறானா, தலகாணிய தூக்குறானா? பாரத்த தூக்கிக்கினு யாராவது இப்டி துள்ளி நடப்பாங்களா?”

“நீங்களே தூக்கிக் காட்டுங்கக்கா” என்றேன். அவர் முட்டியை மடக்கி, மூச்சைப் பிடித்துத் தூக்கியதை செல்போனில் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் திருத்திய படம் ஓடியபோது, “அய்ய, இது நான்தான்!” என்று மேரி கத்த, ஹாலே கைதட்டியது.

இப்போதெல்லாம் எந்த வேலையையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் வரைகிறேன். முதுகு வலிக்கிறது, படம் நன்றாக வருகிறது.