மிச்சமிருக்கும் ஏழு மாத்திரைகள்

என் பழைய பென்சில் டப்பாவுக்குள் ஒரு மாத்திரை அட்டை இருக்கிறது. பத்தில் மூன்றைத்தான் பிதுக்கியிருக்கிறோம். தேனியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நான், காலாவதியான மாத்திரையைக் கண்டால் உடனே தூக்கிப் போடுகிறவள். இதை மட்டும் போட மனம் வரவில்லை.

இவை என் தங்கையின் மாத்திரைகள். அப்போது அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பதினைந்து. கம்பத்துக்குப் பக்கத்தில் அப்பா திராட்சை போட்டிருந்தார். தொண்டை வலி, காய்ச்சல் என்று அவளை டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். "காய்ச்சல் விட்டாலும் அஞ்சு நாளும் நிறுத்தாமக் குடும்மா" என்று அவர் சொன்னதும் என்னிடம்தான். மூன்றாம் நாள் காலை அவள் உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்திருந்தது. "ஆத்தா வந்திருக்கா. இனி மருந்து மாத்திரைன்னு பேச்சே எடுக்கக் கூடாது" என்றாள் அம்மா. வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினோம். வீரபாண்டி அம்மன் கோயிலில் அக்னிச்சட்டி எடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். நான் அட்டையைப் பென்சில் டப்பாவில் போட்டு மூடினேன். பொரிந்தது அடங்கியது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம், எல்லோருக்கும் நிம்மதி.

மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் காலை அப்பா ஊட்டிய இட்லியைத் தங்கை தட்டிவிட்டாள். "அப்பா கையில தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து இருக்கு, செத்துருவேன்" என்று அலறினாள். முந்தின நாள் வரை அந்தக் கையிலிருந்து பிடுங்கித் தின்றவள்! அப்பா மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். அந்த வாரத்துக்குள் தோல் உரியும்வரை கை கழுவினாள், ஓயாமல் கண்ணைச் சிமிட்டினாள், அம்மாவின் முந்தானையை விட மறுத்தாள், படுக்கையை நனைத்தாள். முத்து முத்தாக எழுதியவளின் நோட்டில் வெறும் கிறுக்கல். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "அப்பாவப் பிடிக்காம நடிக்கிறியாடி?" என்று அப்பாவின் முன்னாலேயே கேட்டேன். அவர் எழுந்து தோட்டத்துக்குப் போனார். அதன்பிறகு தோட்டத்திலேயே சாப்பிட்டுக்கொண்டார்.

பயத்துக்கு ஒரு டாக்டர், சாப்பிடாததற்கு ஒருவர், கண் சிமிட்டலுக்கு இன்னொருவர் என்று அலைந்தோம். யாரும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்து மதுரையில் ஒரு பெண் டாக்டர்தான், "இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னால தொண்டை வலி, காய்ச்சல் இருந்துச்சா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், அம்மதான் போட்டிருந்துச்சு" என்றாள் அம்மா. அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது அம்மைதான். எனக்குத்தான் தெரியும், அஞ்சு நாள் என்று கேட்டது என் காது. அந்த அறையில் நான் வாயைத் திறக்கவில்லை.

வேலைக்கு வந்தபின் வேறொரு டாக்டரிடம் விசாரித்தேன். தொண்டைக் கிருமியால் அப்படிப் பொரிவதும் உண்டு, பிறகு சில பிள்ளைகளுக்கு இப்படி ஒரே நாளில் எல்லாம் மாறிப்போவதும் உண்டு என்றார். "உங்க தங்கச்சிக்கு அதனாலதான்னு இப்ப அடிச்சுச் சொல்ல முடியாது" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு சில வருடங்களை ஓட்டிவிட்டேன்.

தங்கைக்கு இப்போது இருபத்திரண்டு வயது. கொஞ்சம் தேறியிருக்கிறாள், ஆனாலும் பாதி நாள் குழாயடியில் போகிறது. போன மாதம் ஏதோ தேடப்போய் டப்பாவைத் திறந்துவிட்டாள். "இது யாரு மாத்திரைக்கா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் அப்பாவப் பிடிக்காமச் செய்யலன்னு அப்பாவுக்குத் தெரியுமாக்கா?"

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடியும் டப்பாவுக்குள் வைத்தேன்.